சகலைக்கேற்ற லென்ஸ்

காலை பத்தே கால். கூடத்துக்குள் நல்ல வெளிச்சம் வந்திருந்தது. குடும்பப் படம் எடுக்க அதைவிடத் தோதான நேரம் கிடையாது. மாமனாரின் உடம்பு இனி அதிக நாள் தாங்காது என்பதால் எல்லோரும் வந்திருந்தார்கள்.

என்னுடையது எட்டுக்குப் பத்து அங்குல ஃபிலிம் போடும் மரக் கேமரா. அதற்கு லென்ஸ் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வட்டம். எந்த லென்ஸும் ஃபிலிமின் மேல் வெளிச்சத்தை வட்டமாகத்தான் கொட்டும். வட்டம் சிறியதானால் ஓரங்கள் கறுத்துப்போகும். பையில் பெரிய வட்டத்து லென்ஸ் இருந்தது. நான் சின்னதை மாட்டினேன்.

காரணம் என் சகலை, மனைவியின் அக்கா கணவர். பல் வைத்தியர். முந்தைய நாள் சாப்பாட்டின்போது, "சகலை, அந்தக் கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டு அப்படி என்னதான் தேடுறீங்க?" என்றார். மாமியாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. எனக்குக் கோபமில்லை. அவர் உயரமானவர், படங்களில் ஓரத்தில்தான் நிற்பார். ஓர் ஆள் குறைவார், அவ்வளவுதான். பல் பிடுங்குவதில் இருக்கும் வலிகூட இதில் இல்லை.

துணிக்குள் நுழைந்தேன். கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் குடும்பமே தலைகீழாகத் தொங்கியது. சகலை இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. வட்டமல்லவா, எதிர் ஓரமும் இருட்டு. அங்கே யார் என்று வெளியே வந்து பார்த்தேன். என் மனைவி. அப்பாவின் காலரைச் சரிசெய்து, எல்லோரையும் நிறுத்தி வைத்துவிட்டுக் கடைசியாக வந்து நின்றிருந்தாள்.

உள்ளே தள்ளி நிற்கச் சொல்லலாம். சொன்னால் எல்லோரும் நெருங்குவார்கள். நெருங்கினால் சகலை வட்டத்துக்குள் வந்துவிடுவார். நிதானமாக யோசித்தேன். மனைவி மேல் எனக்கு மிகுந்த பிரியம். அவளைத்தான் தினமும் பார்க்கிறேனே. எல்லோரையும் சிரிக்கச் சொல்லி அழுத்தினேன்.

அடுத்த மாதம் மாமனார் காலமானார். அதில் என் பங்கு எதுவுமில்லை.

லென்ஸ் பழசு, கவனிக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். சகலை படத்தைப் பார்த்துவிட்டு, தொப்பை தப்பித்தது என்று சந்தோஷப்பட்டார். இந்த விஷயத்தில் எனக்கு இருக்கும் ஒரே வருத்தம் அதுதான்.

மனைவி படத்தின் ஓரத்து இருட்டை விரலால் துடைத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அழுத்தறதுக்கு முன்னாடி துணியை விட்டு வெளிய வந்து என்னையே பார்த்தீங்களே, அப்போ என்ன யோசிச்சீங்க?"