எழுபத்தோராம் பக்கத்தில் பிழையில்லை

மன்னார்குடி பஞ்சநதம் ஐயா அவர்களுக்கு,

உங்கள் அஞ்சலட்டை நேற்று கிடைத்தது. தபால்காரர் அதை டீக்கடையில் வைத்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். உங்கள் கையெழுத்து அவ்வளவு தெளிவு.

நீங்கள் விரும்பினால் இந்தப் பதிலை வாசகர் கடிதப் பகுதிக்கு அனுப்பலாம். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் வலங்கைமானில் ஒரு ரைஸ்மில்லில் இரவுக் காவல் பார்க்கிறேன். சட்டக் கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டவன். மாதம் ஒரு நாவல் எழுதுகிறேன், பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கும் வகை. எல்லாம் கம்பெனிகளுக்கு வேலை பார்க்கும் பெரிய வக்கீல் ஆபீஸ் கதைகள். கண்ணாடி அறை, கோட்டு, ஒரு கையெழுத்தில் கம்பெனி கைமாறுவது. ஒன்றையும் விடாமல் படித்துப் பிழை கண்டுபிடிப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் பழைய கடிதங்களில் நியாயம் இருந்தது. சென்னையில் ஒன்பதாவது மாடி ஜன்னலைத் திறந்த வக்கீலுக்கு நாற்றங்கால் தெரிந்தது என் தவறு. சீனியர்கள் இருவர் கட்சிக்காரருக்காகச் சண்டை போடும் இடத்தில், "முதல் முறை என்னுடையது, நீ கடைமடைதானே" என்று ஒருவர் சொன்னதும் தவறு. நான் பார்த்த சண்டை வாய்க்கால் சண்டைதான். பிறகு திருத்திக்கொண்டேன்.

திருத்த முடிந்ததற்குக் காரணம் என் தங்கை ஜாஸ்லின். சட்டம் முடித்துச் சென்னையில் அப்படி ஒரு ஆபீஸில் ஜூனியராகச் சேர்ந்திருந்தாள். எங்கள் ஊரிலிருந்து அந்த மாதிரி ஆபீஸுக்குள் போன முதல் ஆள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எஸ்டிடி பூத்தில் காத்திருப்பேன். ஹாஸ்டலிலிருந்து கூப்பிடுவாள். யார் எப்படிக் கோபப்பட்டார், எந்த சீனியர் யாருடைய பிஸ்கட்டைத் தின்றார், எல்லாம் சொல்வாள். பெயர்களை மட்டும் சொல்ல மாட்டாள். நானும் கேட்டதில்லை. பெயர் வைப்பது என் வேலை.

போன வருடம் பிப்ரவரியில் வந்த நாவலில்தான் அந்த எழுபத்தோராம் பக்கம். ஒரு ஜூனியர் பெண் இரண்டு கவர்களை மாற்றி அனுப்பிவிடுகிறாள். தன் கட்சிக்காரரின் ரகசியக் குறிப்பு எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போய்விடுகிறது. பத்து நிமிடத்தில் அவளை வேலையிலிருந்து அனுப்பிவிடுகிறார்கள்.

நீங்கள் எழுதியது எனக்கு மனப்பாடம். "தாலுகா ஆபீஸில் முப்பத்துநான்கு வருடம் இருந்தவன் நான். ஜமாபந்தி அன்று பதிவேட்டைத் தொலைத்தவனுக்கே 17(பி) குற்றச்சாட்டு மெமோ கொடுத்து, விளக்கம் வாங்கி, விசாரணை வைத்து, ஆறு வருடம் கழித்து ஒரு இன்கிரிமெண்டை நிறுத்தினோம். பத்து நிமிடத்தில் ஒரு மனுஷியை வீட்டுக்கு அனுப்ப முடியுமா? தவிர, இவ்வளவு படித்த பெண் இரண்டு கவரை மாற்றிப் போடுவாளா?"

அந்த ஞாயிறு ஜாஸ்லினிடம் கேட்டேன்.

"பத்து நிமிஷமா?" என்று சிரித்தாள். "அவ்வளவு நேரம் யாருண்ணே குடுப்பா? லிஃப்ட் வர்ற வரைக்கும்தான்."

அதை அப்படியே உங்களுக்கு எழுதினேன். நீங்கள் ஒரே வரியில் பதில் போட்டீர்கள்: செவிவழிச் செய்தி சாட்சியம் ஆகாது.

ஐயா, அந்த வரி என்னைப் பாதித்தது. நான் கல்லூரியை விட்டது சாட்சியச் சட்டப் பரீட்சைக்கு முந்தின வாரம். நீங்கள் சொன்னது சரி என்று தெரிந்தது. யாரையும் அப்படி அனுப்பியதை ஜாஸ்லின் நேரில் பார்த்ததில்லை, கேள்விப்பட்டிருக்கிறாள். நேரில் கண்ட சாட்சி வேண்டும். அதற்கு அந்தச் சம்பவம் ஒருமுறையாவது நடக்க வேண்டும்.

ஈஸ்டருக்கு ஜாஸ்லின் வந்தாள். திங்கட்கிழமை பெரியப்பா பேத்திக்கு ஞானஸ்நானம், அதையும் முடித்துக்கொண்டுதான் போக வேண்டும் என்று அப்பா பிடிவாதம். ஜூனில் அவளை ஒரு வருடப் பயிற்சிக்கு லண்டன் அனுப்புவதாக ஆபீஸில் முடிவாகியிருந்தது. குருத்தோலை ஞாயிறன்று பங்குச் சாமியார் அதைப் பூசை முடிவில் அறிவித்திருந்தார். அப்பா அன்று கோயிலிலிருந்து வீட்டுக்கு வரவே ஒரு மணிநேரம் ஆனது. வழியில் கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

லீவு கொடுத்த சீனியர் வேலையையும் கொடுத்து அனுப்பியிருந்தார். சென்னையில் ஒரு பிஸ்கட் கம்பெனியை வெளிநாட்டுக்காரர்கள் வாங்குகிறார்கள். இவர்கள் வாங்குபவர் பக்கம். ஒப்பந்தத்தின் திருத்திய நகல் விற்பவரின் வக்கீலுக்குப் போக வேண்டும். எதெதில் விட்டுக்கொடுக்கலாம் என்ற குறிப்பு தங்கள் கட்சிக்காரருக்குப் போக வேண்டும். இரண்டும் திங்கள் காலை போய்ச் சேர வேண்டும். பெரிய வெள்ளி முழுக்க உபவாசத்தோடு உட்கார்ந்து முடித்தாள். சனிக்கிழமை காலை இரண்டு கவர்களையும் என்னிடம் கொடுத்தாள். வீட்டில் பசை தீர்ந்திருந்தது.

"அண்ணே, கும்பகோணம் கூரியர்ல பசை வச்சிருப்பாங்க, அங்கேயே ஒட்டிடு. நீலக்கோடு போட்ட கவர் எதிர்ப்பக்க வக்கீலுக்கு, கோடு போடாதது நம்ம ஆளுக்கு. மூணு தடவ பாத்துட்டேன். நீ உள்ள இருக்கறத எடுத்துக்கிடுத்துப் பாக்காத."

"நான் என்னத்தப் பாக்கப் போறேன்" என்றேன்.

கூரியர் ஆபீஸில் ஒரு பெஞ்சும் பசை டப்பாவும் இருந்தன. நீலக்கோடு கவரில் இருந்ததை எடுத்து மற்றதில் வைத்தேன். மற்றதில் இருந்ததை நீலக்கோடு கவரில் வைத்தேன். ஒட்டினேன், ரசீது வாங்கினேன். டீ குடித்த நேரத்தையும் சேர்த்துக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

உங்கள் இரண்டாவது ஆட்சேபணையை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவ்வளவு படித்த பெண் கவரை மாற்றிப் போட மாட்டாள். போடவில்லை. அந்த ஒன்றை நானேதான் செய்ய வேண்டியிருந்தது.

எனக்கு மனசாட்சி இல்லை என்று நினைக்க வேண்டாம். திரும்பும்போது வண்டியை ஓரமாக நிறுத்தி யோசித்தேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் வியாழக்கிழமையே செய்து முடித்திருந்தேன். இதை இனி அடுத்த ஈஸ்டருக்குத்தான் சொல்ல முடியும். அதற்குள் அவளுக்கு வேறு ஆபீஸில் வேலை கிடைத்துவிடும், சொல்ல ஒன்றும் இருக்காது என்று தோன்றியது. கெட்டிக்காரி.

செவ்வாய் ரயிலேறிப் போனாள். வெள்ளிக்கிழமை காலை ஒரு அட்டைப்பெட்டியோடு திரும்பி வந்தாள். அப்பா பெட்டியைப் பார்த்து, லண்டனுக்கு இப்போதே சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டாளா என்று கேட்டார். அம்மா சாப்பாடு போட்டாள். பாதி சாப்பிட்டதும் நான் கேட்டேன்.

"எத்தனை நிமிஷம் ஆச்சு?"

தலைநிமிர்ந்து பார்த்தாள். "என்னது?"

"உன்னக் கூப்பிட்டதுலேர்ந்து வெளிய வர்ற வரைக்கும்."

"ஏன் கேக்கிற?"

"சும்மாதான்."

கொஞ்சநேரம் சோற்றைப் பிசைந்தாள். "ரிசப்ஷன் கடிகாரத்துல பத்து பத்துக்கு உள்ள போனேன். வெளிய வரும்போது பத்து இருபத்தொண்ணு. பெட்டிக்கு டேப் தேடினதுல ஒரு நிமிஷம் போச்சு."

டேப்பைக் கழித்தால் பத்து. ஐயா, இதை நான் ஊகித்து எழுதியிருந்தேன். ரைஸ்மில்லில் உட்கார்ந்துகொண்டு. அன்று எனக்கு இருந்த நிம்மதியை வீட்டில் யாரிடமும் பகிர்ந்துகொள்ள முடியவில்லை.

வேறு ஆபீஸ்கள் அவளை எடுக்கவில்லை. அந்த உலகம் சின்னது போலிருக்கிறது. லண்டனுக்கு வேறொருவர் போனார். அப்பா கோயிலில் கடைசி வரிசையில் நிற்கிறார், பூசை முடியுமுன்பே கிளம்பிவிடுகிறார். ஜாஸ்லின் இந்த ஒரு வருடமும், தானே மாற்றி வைத்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். உபவாசத்தில் கண் இருட்டியிருக்கும் என்கிறாள். ஒரே ஒருமுறை கேட்டாள்.

"ஒட்டும்போது உள்ள பாத்தியாண்ணே?"

"இல்லையே" என்றேன்.

இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். இந்த ஈஸ்டருக்குச் சாமியாரிடம், ஒரு பொய் சொன்னேன் என்று அறிக்கையிட்டேன். பரிகாரமாக ஐந்து அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். பத்தாகச் சொன்னேன்.

கெட்டதை மட்டும் எழுதுவது நியாயமில்லை. இப்போது என் நாவல்களுக்கெல்லாம் அவள்தான் நல்ல பிரதி எடுக்கிறாள். சட்டப் பிழைகளைத் திருத்துகிறாள். "சமீபத்திய நாவல்களில் உண்மையான ஆபீஸ் வாடை அடிக்கிறது" என்று நீங்களே ஜனவரியில் பாராட்டினீர்கள். அவளுக்கும் பிடித்த வேலைதான். கேட்டதில்லை, பார்த்தாலே தெரியும். அதிகம் பேசுவதில்லை, வேலை நடக்கிறது.

இரண்டாம் பதிப்புக்கு அந்தப் பக்கத்தை நேர்மையாகத் திருத்தினேன். பத்து நிமிடத்தைப் பதினொன்று ஆக்கி, டேப் தேடியதையும் சேர்த்தேன். அந்த வரியைப் பிரதி எடுக்கும்போது ஜாஸ்லின் பேனாவைக் காகிதத்தில் வைத்தபடி வெகுநேரம் இருந்தாள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்திருப்பாள்.

இவ்வளவுக்குப் பிறகுதான் உங்கள் நேற்றைய அஞ்சலட்டை. "பத்து இப்போது பதினொன்றாகியிருக்கிறது. பொய்க்கும் ஆயுள் கூடுகிறது. என் பிழைப்பட்டியல் முழுவதையும் பதிப்பகத்துக்கு அனுப்புகிறேன்."

தாராளமாக அனுப்புங்கள். நாற்றங்காலைப் போடுங்கள், கடைமடையைப் போடுங்கள். எழுபத்தோராம் பக்கத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். இது கௌரவப் பிரச்சினை இல்லை, உண்மையின் பிரச்சினை. நடந்ததை நடக்காது என்று அச்சில் போடக்கூடாது. இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் தங்கை பெயரை நீக்கிவிடுங்கள். அவள் மனம் நோகும்படி இதுவரை நான் எதுவும் செய்ததில்லை.

இதை நானே எழுதியிருக்கிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜாஸ்லின் இன்று கும்பகோணத்தில் யாரோ ஒரு வக்கீலைப் பார்க்கப் போகிறாள். ஜூனியர் வேலை கேட்கத்தான் இருக்கும். உங்கள் கவரையும், பதிப்பகத்துக்குப் போக வேண்டிய நாவல் கவரையும் அவளிடமே கொடுத்து அனுப்புகிறேன். வீட்டில் பசை தீர்ந்துவிட்டது. கூரியர் ஆபீஸில் தானே ஒட்டிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். கவர் விஷயத்தில் அவள் எவ்வளவு கவனம் என்பது இப்போது உங்களுக்கும் தெரியும்.

இப்படிக்கு,
அருள்பிரகாஷ்