கீழே உப்பு

குரோட்டன் செடிக்கு அதிகம் தண்ணீர் தேவையில்லை, ஐயா. அடியில் பாத்தி கட்டி, தேங்காய் மட்டையைப் பரப்பி, வெயில் தாழ்ந்த பிறகு வேரில் ஊற்றினால் போதும். இதை அண்ணனுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அண்ணன் ஆழ்வாப்பிள்ளை கொழும்பில் கிளாக்கராக இருந்து, பென்ஷன் எடுத்துக்கொண்டு நாரந்தனைக்குத் திரும்பியவர். வீட்டு முற்றத்தில் புல் வளர்த்தார். ஓரமெல்லாம் குரோட்டன் வைத்தார். நடுவில் சுழன்று சுழன்று தண்ணீர் தெளிக்கும் குழாய். உச்சி வெயிலில்தான் அதைத் திறப்பார். சோளகக் காற்று பாதித் தண்ணீரைத் தெருவுக்குக் கொண்டுபோய்விடும்.

கிணறு அவர் வீட்டுக்கும் பக்கத்திலுள்ள என் வீட்டுக்கும் பொது. எங்கள் தீவில் நல்ல தண்ணீர் மேலே மெல்லிய அடுக்காக நிற்கிறது. அதற்குக் கீழே உப்பு. வாளியால் அள்ளினால் அது அசையாது. அண்ணனைப் போல் மெசின் வைத்து இழுத்தால் ஏறிவரும். ஆடியில் என் வெங்காயத் தாள்கள் நுனி கருகின. ஆவணியில் தேநீர் கரித்தது.

"அண்ணை, பின்னேரத்திலை விடுங்கோவன். அரைவாசித் தண்ணி மிஞ்சும்" என்றேன்.

"புல்லுக்கு மத்தியானத்திலைதான்ரா தாகம். உன்ரை வெங்காயத்துக்கு மட்டும்தான் வாயிருக்கோ?"

மெசினை உடைக்கலாம் என்று நினைத்தேன். அவர் வேறொன்று வாங்குவார்.

தண்ணீர் இறங்கிவிட்டதால் மெசின் இழுக்கவில்லை. குழாயை இன்னும் ஆழத்தில் போடவென்று அவரே கிணற்றுக்குள் இறங்கினார். அண்ணன் மனைவி, சீதேவி மச்சாள், கோயிலுக்குப் போயிருந்தார். அண்ணன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை என் கையில் இருந்தது.

"இறுக்கிப் பிடியடா. வெங்காயத்தை நினைச்சுக்கொண்டு விட்டிடாதை" என்று உள்ளிருந்து சிரித்தார்.

ஏறி வரும்போது அவர் கால் சறுக்கி, முழுப் பாரமும் கயிற்றுக்கு வந்தது. நான் விடவில்லை. விட்டிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் கிணற்றில் உயிர் போனால் எங்கள் ஊரில் அதை அடிவரை இறைத்துக் கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரும் வாய் வைக்க மாட்டார்கள். அடிவரை இறைத்தால் உப்பு ஏறிவிடும். பிறகு எத்தனை மாரி பெய்தாலும் அந்தக் கிணறு தேறாது. ஒரு மனிதருக்காக ஒரு கிணற்றைக் கெடுக்கக் கூடாது.

ஆகவே மேலே தூக்கினேன். கயிறு என் உள்ளங்கையை அறுத்தது. கிணற்றுக்கட்டில் கால் வைத்ததும் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நீ இல்லாட்டி இண்டைக்கு நான் முடிஞ்சனடா."

கிணற்றடியில் இரத்தம் சிந்தினால் உள்ளே ஊறும். தெளிகுழாய் அடைத்திருக்கிறது, வந்து பாருங்கோ என்று புல்லுக்கு அழைத்துப் போனேன். அவர் குனிந்தார். குழி தோண்டும் இரும்பு அலவாங்கால் பின்தலையில் ஒரு தரம் அடித்தேன்.

உயிர் உடனே போகவில்லை. "தண்ணி" என்றார். கை கழுவ அள்ளிய வாளி கிணற்றுக்கட்டில் நிறைந்திருந்தது. அந்த நிலையில் குடித்தாலும் அது உடம்பில் தங்காது. அவர் அடங்கும்வரை பக்கத்தில் இருந்தேன். பிறகு வாளியைக் கயிற்றில் இறக்கி, தண்ணீரைச் சிந்தாமல் கிணற்றுக்கே விட்டேன்.

கால் வழுக்கிக் கல்லில் விழுந்தார் என்றேன். ஊர் நம்பியது. அலவாங்கைப் பற்றிக் கேட்டவர் நீங்கள்தான்.

ஒன்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பிணத்தைக் குளிப்பாட்ட மச்சாள் வாளி வாளியாக அள்ளி ஊற்றினார். எல்லாம் மண்ணுக்குள் போனது. பார்த்துக்கொண்டு நின்றேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூடப்பிறந்தவர் அல்லவா.