நாணல் வரைந்த பேனா

மை நிரப்பிய பேனாவை எழுதாமல் வைத்திருக்கக் கூடாது, இன்ஸ்பெக்டர் சார். வாரத்துக்கு ஒரு பக்கமாவது எழுத வேண்டும். பட்டாபிராமன் தினமும் எழுதினார். எனக்கு அதுதான் சிக்கலாகப் போயிற்று.

குரோம்பேட்டையில் எனக்கு மருந்துக்கடை. கூட்டமில்லாத மதியங்களில் ஜப்பானிய ஏலத் தளங்களைப் பார்ப்பேன். பதினோரு ஆண்டுகளில் இருபத்தாறு பேனாக்கள் சேர்ந்தன. போன ஆடியில் ஒன்று ஏலத்துக்கு வந்தது. தொண்ணூறு வருடத்துப் பேனா. கறுப்பு அரக்குப் பூச்சின் மேல் தங்கத்தூளால் வரைந்த நாணல்கள், காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்தவை. கடைசி நொடியில் யாரோ என்னைத் தாண்டிக் கேட்டு எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆவணியில் அந்தப் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பட்டாபிராமன் என் கடைக்கு வந்தார். கைநடுக்கத்துக்கு என்னிடம்தான் மாத்திரை வாங்குவார். கல்லூரியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மகள் சின்மயி மெல்போர்னில். சேலையூரில் தனியாக இருந்தார்.

நானும் அதை ஏலம் கேட்டதைச் சொன்னேன். "நீங்களும் இதுக்குக் கேட்டேளா? தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனே," என்றார். "ஆத்துக்கு வாங்கோ சம்பத். ஆசை தீர எழுதிப் பாருங்கோ."

போனேன். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் அவருடைய எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். தினமும் மகளுக்கு ஒரு பக்கம். பேனாவை விலைக்குக் கேட்டேன்.

"கை ஓடற வரைக்கும் தரமாட்டேன்," என்று சிரித்தார்.

நான் அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

கிழமைவாரியாக மாத்திரை பிரித்து வைக்கும் டப்பா ஒன்றை வாங்கிக் கொடுத்து, ஞாயிறுதோறும் நானே போய் நிரப்பினேன். புரட்டாசி முழுக்க ஒழுங்காகத்தான் நிரப்பினேன். ஐப்பசியில் மதிய மாத்திரைக்குப் பதில் அதே நிறத்தில் சத்து மாத்திரை வைத்தேன். பிறகு காலை மாத்திரைக்கும். கெடுதலான எதையும் நான் கொடுக்கவில்லை.

தீபாவளிக்குள் எழுத்து கோணியது. கார்த்திகையில் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன்.

"டாக்டர் டோஸை ஏத்தியும் கேக்கமாட்டேங்கறதே, சம்பத்."

"வயசு சார்," என்றேன். அவர் கண்ணில் நீர் நின்றது. துடைத்துவிட்டேன். அப்போதும் பேனாவை விடவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்து எழுதிப் பார்த்தார். ஒரு வரிக்கு அரைமணி ஆயிற்று.

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது, காலையில் அவர் வீட்டு வேலைக்கு வந்த அங்காளம்மாள் போன் செய்தாள். "சார், ஐயா பாத்ரூம்ல வியுந்து கெடக்காரு. எய்ப்பினா எய்ந்திரிக்கல சார்."

நான் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

சின்மயி வந்து காரியங்களை முடித்தாள். பிறகு பேனாவை என் கையில் வைத்தாள். "பொங்கலுக்கு உங்களுக்கு இதைப் பரிசா குடுக்கப்போறேன்னு அப்பா புரட்டாசிலயே எழுதிட்டார், அங்கிள். சர்ப்ரைஸா இருக்கட்டும்னு என்னைச் சொல்ல வேண்டாம்னார்."

அந்தக் கடிதத்தையும் காட்டினாள். எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது.

டப்பாவில் மீந்த மாத்திரைகளை அவள் டாக்டரிடம் காட்டியதால்தான் நீங்கள் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். சோதனைக்கு அனுப்ப வேண்டியதில்லை. மாற்றியது நான்தான். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், சார். அத்தனை மாதத்தில் வேலைக்காரியைத் தவிர அந்த வீட்டுப் படியை வேறு யாரும் மிதிக்கவில்லை. அவரைக் கவனித்துக்கொள்ள நான் ஒருவன்தான் இருந்தேன்.