ஆறு நாள் சைக்கிள்

சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது சீட்டை. ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு அது அகலமாக இருக்க வேண்டும், ஆனால் தொடையில் உரசக் கூடாது. ஹேண்டில்பார் உயரமாக இருந்தால் முதுகு வளையாது. டயர் ரொம்ப மெல்லியதாகவும் வேண்டாம், ரொம்பத் தடியாகவும் வேண்டாம். வேலைக்கும் போய்வர வேண்டும், ஓய்வு நாளில் சுற்றவும் வேண்டும் என்றால் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஹைபிரிட் சைக்கிள்தான் சரி. மூன்று வாரம் உட்கார்ந்து இதையெல்லாம் படித்தேன். என் தங்கைக்கு நான் எதையும் அரைகுறையாக வாங்கிக் கொடுத்ததில்லை.

பிரான்ஸ்மா அம்மையாரே, நீங்கள் என்னை இரண்டு முறை வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். முதல் முறை, "துக்கத்துல இருக்கீங்க ஐயா, வீட்டுக்குப் போய் சூடா ஒரு காப்பி குடிங்க" என்றீர்கள். இரண்டாம் முறை நான் பேசி முடிப்பதற்குள் என் கோட்டை எடுத்து நீட்டினீர்கள். எழுபத்தொரு வயதுக்காரன் நிதானமாகச் சொல்வதைக் கேட்கக் காவல் நிலையத்தில் யாருக்கும் நேரமில்லை. அதனால் எழுதித் தருகிறேன். தயவுசெய்து இந்த முறையாவது முடிவுவரை படியுங்கள்.

என் பெயர் கோவர்ட். லெக் ஆற்றின் கரைமேட்டை ஒட்டிய வீடு எங்களுடையது. என் தாத்தா, என் அப்பா, நான், மூவரும் இந்த ஊர்த் தேவாலயத்தில் சபையின் ஒழுங்கைக் கவனிக்கும் மூப்பர்கள். சபையைப் பார்த்தபடி போட்டிருக்கும் மூப்பர் பெஞ்சில் எண்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டு ஆள் உட்காராத ஞாயிறு கிடையாது. நான் மணம் செய்துகொள்ளவில்லை. தங்கை அலெய்டாவும் செய்துகொள்ளவில்லை. அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. பக்கத்து ஊர் நூலகத்தில் வேலை. கரைமேட்டின் மேலேயே ஏழு கிலோமீட்டர், ஏற்றமோ இறக்கமோ இல்லாத பாதை. முப்பது ஆண்டுகளாக எங்கள் அம்மாவின் கறுப்பு சைக்கிளில்தான் போய்வந்தாள்.

அந்தச் சைக்கிளில் கைப்பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் நிற்கும். எங்களுக்கெல்லாம் நாலு வயதில் கால் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. நிறுத்த வேண்டும் என்று மனம் நினைப்பதற்கு முன்பே கால் பின்னால் போய்விடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன ஆண்டு மறுகரையிலிருந்து லூடோ என்பவர் வந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர், தெற்கத்திக்காரர், கத்தோலிக்கர், மனைவியிடமிருந்து விவாகரத்து வாங்கியவர். எங்கள் சபை முகம் சுளிக்க இதில் ஒன்றே போதும். நூலகத்தில் பழக்கமாம். ஞாயிறு காலையில் அவர் படகில் இக்கரைக்கு வருவார். இவள் படகுத்துறைச் சரிவில் இறங்கி அதே படகில் ஏறிக்கொள்வாள். பிறகு இருவரும் அக்கரையில் மாலைவரை சைக்கிளில் சுற்றுவார்கள்.

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை கர்த்தரின் ஓய்வுநாள், கொடியில் துணிகூடக் காயாது. தேவாலயத்துக்கு நடந்துதான் போவோம். கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக ஊரே ஒரு பக்கம் நடக்க, சிவப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு என் தங்கை எதிர்ப்பக்கம் சைக்கிளில் வந்தாள். வழிவிடச் சொல்லி மணி வேறு அடித்தாள். போதகரே ஒதுங்கி நின்றார்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் வேண்டாம், அலெய்டா" என்றேன்.

"ஏன், அன்னைக்கு மட்டும் சக்கரம் சுத்தாதா?"

"ஊர் பாக்குது."

"பாக்கட்டும் கோவர்ட். முப்பது வருஷமா இவங்களுக்குப் புத்தகம் எடுத்துக் குடுத்திருக்கேன். இப்பக் கொஞ்ச நாள் என்னைப் படிக்கட்டும்."

இப்படித்தான் பேசுவாள். மூப்பர் கூட்டத்தில், என்னோடு பெஞ்சில் உட்காரும் ஹுய்பெர்ட் எல்லார் முன்னிலையிலும் கேட்டான்: "உன் வீட்டுக்குள்ளயே உன் பேச்சு எடுபடல. வெளிய எங்களுக்கு என்னப்பா புத்தி சொல்லப்போற?" அவன் அப்பா எங்கள் அப்பாவிடம் மாடு மேய்த்தவர். கிறிஸ்துமஸுக்குள் வீட்டை ஒழுங்கு செய், இல்லாவிட்டால் பெஞ்சை விட்டுக் கொடு என்று முடிவாயிற்று. எண்பது ஆண்டுப் பெஞ்சு.

செப்டம்பரில் அவளே என்னிடம் வந்தாள். இதையும் குறித்துக்கொள்ளுங்கள், அவளாகத்தான் கேட்டாள்.

"முட்டி வலிக்குது. அம்மா வண்டி இரும்பு மலை மாதிரி கனக்குது, லூடோ வேகத்துக்கு வரமாட்டேங்குது. வேலைக்கும் ஆகணும், ஊர் சுத்தவும் ஆகணும். நீயே ஒண்ணு பாத்துக் குடேன். சைக்கிள் விஷயத்துல உன்னை விட்டா எனக்கு யாரு?"

ரிகுஸின் சைக்கிள் கடைக்குச் சேர்ந்து போனோம். ரிகுஸ் வாயாடி. ஒரு வெளிர்நீலச் சைக்கிளை வெளியே இழுத்து, "உக்காந்து பாருங்க அலெய்டா. இந்த சீட்டுல உக்காந்தா ரெண்டு மணி நேரப் பிரசங்கமும் பத்து நிமிஷமாப் போயிடும்" என்றான்.

"அப்ப இதைக் கோவர்ட்டோட பெஞ்சுல மாட்டிடு" என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். நான் டயரில் காற்றைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு அது பிடித்துவிட்டது. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் தனியாகப் போனபோது ரிகுஸ் தலையைச் சொறிந்தான். "ஐயா, இதே வண்டி ரெண்டு விதமா வருது. ஒண்ணுல கைப்பிரேக் மட்டும். இன்னொண்ணுல பின்மிதி பிரேக்கும் உண்டு. காலம் பூரா பின்னால மிதிச்சுப் பழகினவங்களுக்கு அதைத்தான் குடுப்பேன். அவசரத்துல காலு பழசத்தான் தேடும்."

"கைப்பிரேக் மட்டும் உள்ளது போதும். எடை குறைவு" என்றேன்.

"பழக்கிக் குடுத்துடுவீங்கல்ல?"

"பழக்கிக் கொடுத்துவிடுகிறேன்" என்றேன்.

அன்றுவரை என் மனத்தில் எதுவும் முடிவாகவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டில், பட்டாணி சூப்பைக் கிண்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "வசந்தம் வந்ததும் அக்கரைக்கே போயிடலாம்னு இருக்கேன், கோவர்ட். அதுக்குள்ள சூப்பு வைக்கக் கத்துக்கோ. உப்பு எங்க இருக்குன்னாவது தெரிஞ்சுக்கோ." மணமாகாமல் ஒரு தபால்காரர் வீட்டில். நான் சூப்பைக் குடித்து முடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

புதன்கிழமை சைக்கிள் வந்தது. அவள் நூலகத்திலிருந்து திரும்பும் முன் நானே அதை எடுத்துக்கொண்டு படகுத்துறைச் சரிவுக்குப் போனேன். உச்சியிலிருந்து வேண்டுமென்றே வேகமாக இறங்கினேன். பாதியில் நிறுத்தப் பார்த்தேன். கைப்பிரேக் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நானே தேர்ந்தெடுத்த வண்டி. ஆனாலும் கால் பின்னால் போனது. பெடல் வெறுமனே சுற்றியது. தண்ணீர் நெருங்க நெருங்க இன்னும் வேகமாகப் பின்னால் மிதித்தேன். கை ஹேண்டிலை இறுகப் பிடித்திருந்ததே தவிர பிரேக்கைத் தேடவில்லை. பக்கத்துப் புல்லில் சாய்ந்து விழுந்ததால் பிழைத்தேன். முழங்கையில் காயம். நான் முதல் முறை நிலையத்துக்கு வந்தபோது நீங்கள் பார்த்துவிட்டு, "கீழ விழுந்தீங்களா ஐயா?" என்று கேட்டது அதைத்தான்.

சேற்றைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, சைக்கிளைக் கூடத்தில் நிறுத்தினேன்.

வியாழனும் வெள்ளியும் அவள் அதில் வேலைக்குப் போய்வந்தாள். சமமான பாதையில் பிரேக்குக்கே வேலையில்லை. மிதிப்பதை விட்டால் வண்டி தானாக நிற்கும். "மேகத்து மேல உக்காந்து போறாப்ல இருக்கு" என்று என் கன்னத்தில் முத்தமிட்டாள். கைப்பிரேக் பழகிவிட்டதா என்று கேட்டேன். "ரெண்டு நாள்ல பழகிடும், போ" என்றாள். நான் வற்புறுத்தவில்லை.

ஞாயிறு காலை படகு ஒன்பது பத்துக்கு. அவள் எப்போதும் கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, சரிவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்குவாள். அன்று நான் இன்னொரு கோப்பை காப்பி கேட்டேன். அம்மையாரே, என் வாழ்நாளில் நான் இரண்டாம் கோப்பை குடித்ததில்லை. அவளும் ஆச்சரியப்பட்டாள். "இன்னைக்கு என்ன அதிசயம்!" என்று சந்தோஷமாகப் புதிதாகப் போட்டுக் கொடுத்தாள். எதிரே உட்கார்ந்து நான் குடிப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சமாதானம் என்று நினைத்திருப்பாள். படகு மணி கேட்டபோது அவள் இன்னும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் தேவாலயத்துக்கு நடந்தேன். முதல் சங்கீதம் பாடும்போது ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. சபை முழுக்க ஜன்னலைத் திரும்பிப் பார்த்தது. நான் திரும்பவில்லை.

படகு அப்போதுதான் கரையை விட்டு நகர்ந்திருந்தது. மேல்தளத்தில் நின்ற லூடோ உங்களிடம் சொன்னதை நானும் கேட்டேன். "வேகமா வந்தா. பிரேக்கப் பிடி, பிரேக்கப் பிடின்னு கத்தினேன். அவ காலு பின்பக்கமாவே சுத்திக்கிட்டு இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் புரியல." அவர் குதித்து ஜாக்கெட்டைப் பிடித்திருக்கிறார். ஜாக்கெட் மட்டும்தான் கையோடு வந்தது.

நீங்கள் அதை விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள். ஊர் மூடவில்லை. ரொட்டிக் கடையில் என் காதுபடப் பேசினார்கள். "வேணும்னேதான் விட்டிருக்கா." "கடைசி நேரத்துல மனசு மாறித் திரும்பப் பாத்தாளோ என்னவோ, அதான் காலு பின்னால போயிருக்கு." ஹுய்பெர்ட் என் கையைக் குலுக்கி, பெஞ்சைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றான். தன்னைத் தானே மாய்த்துக்கொண்டவளின் அண்ணனுக்குக் காட்டும் இரக்கம். என்னால் பொறுக்க முடியவில்லை. நான் உண்மையைச் சொல்ல வந்தால் நீங்கள் கோட்டை நீட்டுகிறீர்கள்.

அவள் சாக நினைக்கவில்லை. குடித்திருக்கவில்லை. தலைசுற்றவும் இல்லை. எங்கள் வீட்டுப் பெண் எங்கள் அம்மா கற்றுக்கொடுத்தபடி, கடைசி அடிவரை, தண்ணீருக்குள்ளும்கூட, பிரேக் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். பிடிக்காத பிரேக்கைத் தேர்ந்தெடுத்தவன் நான். என் தங்கையைக் கொன்றவன் நான். இதைத் தெளிவாகப் பதிவு செய்யுங்கள், குடும்பத்தின் பெயர் அதில் இருக்கிறது.

ரிகுஸின் மேல் குற்றமில்லை. சைக்கிளிலும் குற்றமில்லை. வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போய்வர அதைவிடப் பத்திரமான வண்டியை அவளுக்கு யாரும் வாங்கிக் கொடுத்திருக்க முடியாது. ஏழாம் நாள் அவள் வீட்டில் இருந்திருக்க வேண்டும்.