கேதகி சாயல்

பாலைத் திரிக்க எலுமிச்சம்பழம்தான் நல்லது. வினிகர் ஊற்றினால் சீக்கிரம் திரியும், ஆனால் அந்த வாடை கடைசிவரை போகாது. திரிந்த பாலைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் ஒட்ட இறங்கியபின் உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து வெண்ணெய் பதத்துக்குக் கொண்டுவந்து, வெல்லம் சேர்த்துச் சிறு தீயில் கிளறினால் சந்தேஷ் என்கிற வங்காள இனிப்பு. கல்கத்தாவில் குளிர்காலத்தில் ஈச்ச வெல்லம் போடுவார்கள். தூத்துக்குடியில் அதற்கு எங்கே போவது? நான் உடன்குடிக் கருப்பட்டி போட்டேன். யாரும் குறை சொல்ல முடியாதபடி வந்தது.

இன்ஸ்பெக்டர் மேடம், "நடந்ததை நடந்தபடி சொல்லுங்க சிஸ்டர், ஏட்டு எழுதிக்கிடுவார்" என்றீர்கள். உங்கள் ஏட்டு எழுதுவதை எட்டிப் பார்த்தேன். ஒரு வரிக்கு மூன்று பிழை. இது முப்பத்தொரு வருஷம் நோயாளிகளின் சார்ட் எழுதிய கை. அதனால் நானே எழுதித் தருகிறேன். சந்தேஷ் இல்லாமல் இந்த வழக்கு இல்லை என்பதால் அதிலிருந்து தொடங்கினேன்.

என் பெயர் ஜெயஷீலா. சொந்த ஊர் சாத்தான்குளம். வயது அறுபத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று கேட்க வாயெடுப்பவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாங்களே நிறுத்திக்கொள்வார்கள். முன்பல் தூக்கல், கன்னம் முழுக்க அம்மைத் தழும்பு. கண்ணாடி எங்கள் வீட்டிலும் உண்டு. கல்கத்தாவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று, துறைமுகச் சாலைப் பக்கம் ஒரு சந்தில் வீடு வாங்கிக் குடிவந்தேன். அடுத்த வீடு நேசக்குமார் அண்ணாச்சியுடையது. துறைமுகத்தில் அதிகாரியாக இருந்தவர். மனைவி தவறி ஐந்து வருஷம். ஒரே மகள் ஜெமி, மஸ்கட்டில் இருக்கிறாள்.

நிருபம், கேதகி ஜோடியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வங்காளிகளிடம் எதை வேண்டுமானாலும் கேலி செய்யலாம், அவர்கள் மீனையும் இந்த ஜோடியையும் தவிர. கறுப்பு வெள்ளைக் காலத்து ஆட்கள். சேர்ந்து பதினேழு படம் நடித்தார்கள். கதை என்று பார்த்தால் பதினேழும் ஒன்றுதான். அவன் ஏழை, நல்லவன், இடைவேளைக்குப் பிறகு ஏதாவது வியாதி வரும். அவள் பணக்காரி, மூக்கு நுனியில் கோபம். நாற்பது வயதில் தொந்தியோடு வந்து நின்று, கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறேன் என்பான். நாம் நம்ப வேண்டும். நம்புவோம். அவள் வேறு பக்கம் பார்க்கும்போது அவன் அவளைப் பார்க்கிற பார்வை அப்படி. அவள் திரும்பியதும் அவன் டிராம் வருகிறதா என்று பார்ப்பான். ஒருவரையொருவர் தொடுவது கிடையாது. ஒரு படத்தில் நல்ல மழை. குடையை முழுக்க அவள் பக்கம் சாய்த்துவிட்டு அவன் தெப்பமாக நனைவான். அவள் கவனித்துவிட்டாள் என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. எங்கள் ஹாஸ்டல் டிவி முன்னால் நாற்பது நர்ஸுகள் மூக்கை உறிஞ்சுவார்கள், ஆளுக்கொரு கைக்குட்டையோடு.

வெளியே அவர்கள் கணவன் மனைவி இல்லை. அவனுக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள், அவள் தனியாள். ஜனங்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. இருவர் பெயரையும் சேர்த்தெழுதிக் கல்யாணப் பத்திரிகை அனுப்புவார்கள். அவனுடைய சொந்த மனைவியின் படம் பத்திரிகையில் வந்தால், "இந்தப் பெண்பிள்ளை யார், நடுவில்?" என்று கோபப்படுவார்கள். நானும் கோபப்பட்டிருக்கிறேன்.

அண்ணாச்சியும் இளவயதில் நான்கு வருஷம் கல்கத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர் என்பது, நான் குடிவந்த முதல் மாதமே தெரிந்தது. "சிஸ்டர், நாலு வருசமும் அந்த ஜோடி படம் ஒண்ணு விடாமப் பாத்தேன். ஒரு வார்த்த புரியல. ஆனா அழுதுட்டுத்தான் வெளிய வருவேன். என்ன பேசிக்கிட்டாங்கன்னு தெரியாமலே போய்ச் சேந்துருவேனோ என்னவோ" என்றார்.

அன்றிலிருந்து தினமும் மதியம் மூன்று மணிக்கு அவர் வீட்டில் படம். மருமகன் அனுப்பிய பெரிய டிவியில் யூடியூப். வங்காளத்தில் அவர்கள் பேசப் பேச நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தமிழில் சொல்வேன். கொஞ்சம் சேர்த்தும் சொன்னேன். கேதகி "வீட்டுக்குப் போ, நனைகிறாய்" என்று சொன்னால், நான் நாலு வரி சொல்வேன். அண்ணாச்சி தலையை ஆட்டிக் கேட்பார். சபையின் பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் பேச்சு வராமல் இருக்குமா. ஞானபாய் என்னிடமே கேட்டாள். "ஏளா ஷீலா, மூணு மணிக்கு அண்ணாச்சி வீட்ல என்ன, ஜெபக்கூட்டமா?" ஆமாம், நீயும் வேதப் புத்தகத்தோடு வா என்றேன். வரவில்லை.

அப்போதே அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. டிவிக்கு மூன்றடி தூரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டுதான் பார்ப்பார். போன நவம்பரில் ஒருநாள் படம் நடுவில் என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், சன்னல் வெளிச்சத்துல நீங்க திரும்பினப்ப கேதகியே வந்து உக்காந்திருக்க மாதிரி இருந்துச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்து, அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் நின்றேன். என் முகத்தைப் பற்றி ஒருவர் வாய் திறந்து நல்ல வார்த்தை சொன்னது அதுதான் முதல்முறை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து இனி என்ன ஆகப்போகிறது.

டிசம்பரில் ஜெமிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தினமும் போனில் காட்டுவாள். அண்ணாச்சி போனைக் கண்ணோடு ஒட்டிவைத்துக்கொண்டு, "புகை மாதிரிதான் தெரியுது. யாரு சாயல்னு ஒண்ணும் வெளங்கல" என்பார். ஜெமி அங்கிருந்தே திருநெல்வேலியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் வாங்கினாள். அண்ணாச்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. "மொதல்ல பேத்தி மொகம், சிஸ்டர். அடுத்தது உங்க மொகத்தத் தெளிவாப் பாக்கணும்" என்றார்.

புரை எடுத்தபின் மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். சுவரில் இவ்வளவு விரிசலா, சட்டை இவ்வளவு அழுக்கா என்பார்கள். என் வார்டில் ஒருவர் கட்டுப் பிரித்ததும் மனைவியைப் பார்த்து, "உங்கம்மா எப்ப வந்தாங்க?" என்று கேட்டார். அந்தம்மாள் அழுதுகொண்டே வெளியே போனாள். நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

சர்க்கரை ஏறியிருந்தால் ஆபரேஷன் செய்யமாட்டார்கள். அண்ணாச்சிக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை உண்டு, மாத்திரையில் அடங்கியிருந்தது. முதல் தட்டு சந்தேஷைக் கொண்டுபோனபோது, "இனிப்பு ஆகாதே சிஸ்டர்" என்று கையை இழுத்துக்கொண்டார்.

"கருப்பட்டிதான், அண்ணாச்சி."

"அப்பச் சரி. கருப்பட்டி ஒண்ணும் செய்யாது."

தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். இந்தப் பக்கத்தில் கருப்பட்டியைச் சந்தேகப்படுபவர் யார்? கருப்பட்டிக் காபியைக் குடித்துவிட்டுத்தான் சர்க்கரை டாக்டரையே பார்க்கப் போவார்கள். வெள்ளைச் சீனிக்கும் அதற்கும் ரத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஒரு நர்ஸுக்குத் தெரியும். ஆனால் ஊர் நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. தினமும் ஆறு துண்டு, படத்துக்கு இடையில். விரும்பித்தான் சாப்பிட்டார். நான் ஊட்டவில்லை.

விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற கருவி அவரிடம் இருந்தது. எண் தெரியாததால் நான் படித்துச் சொல்வேன், நோட்டில் எழுதியும் வைப்பேன். முந்நூற்று இருபது என்று காட்டினால், "நூத்தி இருபத்தெட்டு, அண்ணாச்சி" என்பேன். "கருப்பட்டியோட மகிமையப் பாத்தீங்களா" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும்.

ஜனவரியில் திருநெல்வேலிக்குப் போனோம். பஸ் எங்கள் பக்கத்துப் புதுக்கோட்டையைத் தாண்டும்வரை பேத்தியின் பெயரைச் சொல்லிச் சொல்லி வந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் முந்நூற்று நாற்பத்திரண்டு. திருப்பி அனுப்பினார்கள். மார்ச்சில் முந்நூற்று எண்பத்தெட்டு. டாக்டர் என் நோட்டைப் புரட்டிவிட்டு, வீட்டில் இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று குழம்பினார். ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே சிலருக்கு ஏறும் என்றேன். சிஸ்டர் சொன்னால் சரிதான் என்றார். மாத்திரையின் அளவைக் கூட்டினார். நான் குறைத்தேன். மாத்திரை டப்பாவை நிரப்புவதும் நான்தானே.

வீடு கூட்ட வரும் கிருபாபாய் ஒருநாள், "அண்ணாச்சி ஒரு கொடம் தண்ணிய ஒரே நாள்ல தீத்துருதாவ" என்றாள். தூத்துக்குடி வெயிலுக்கு யாராக இருந்தாலும் தீர்ப்பார்கள் என்றேன். ஜூனில் இடது கால் விரலில் புண் வந்தது. ஒரு விரலைத்தான் எடுத்தார்கள். கட்டு தினமும் நானே மாற்றினேன். இவ்வளவு சுத்தமாகக் கட்டுப் போட இப்போது ஆளில்லை என்று டாக்டரே பாராட்டினார். ஜூலையில் வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து மூடிக்கொண்டது. ஆகஸ்டில் குடைப் படத்தை நான்காவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். மழைக் காட்சி. "சிஸ்டர், கரண்ட் போயிட்டா?" என்று கேட்டார். டிவி ஓடிக்கொண்டிருந்தது.

விழித்திரையே போய்விட்டது, இனி புரையை எடுத்தும் பிரயோஜனமில்லை என்றார்கள்.

ஜெமி கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். அண்ணாச்சி பேத்தியை மடியில் வைத்து நெற்றி, மூக்கு, வாய் என்று விரலால் தடவிப் பார்த்தார். "ஜெமி, மூக்கு அம்மா மாதிரியா இருக்கு? சொல்லேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஜெமி புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். நல்ல காட்சி. நிருபம்கூட இந்த அளவுக்குச் செய்ததில்லை.

மூன்றாம் நாள் ஜெமி அந்தக் கருவியை எடுத்து ஏதோ பொத்தானை அழுத்தினாள். பழைய எண்கள் தேதியோடு ஒவ்வொன்றாக வந்தன. எங்கள் காலத்துக் கருவிகளுக்கு ஞாபகம் கிடையாது. அவள் என் நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "ஏன் ஆன்ட்டி?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்த ஜோடியை இத்தனை வருஷம் காப்பாற்றியது தூரம்தான், மேடம். அவள் பல் துலக்குவதை அவன் பார்த்ததில்லை. கிட்டத்தில் பார்த்திருந்தால் இரண்டாவது படத்திலேயே முடிந்திருக்கும். எங்களுக்குள் இருந்ததையும் நான் அப்படித்தான் காப்பாற்றினேன். நேசக்குமார் அண்ணாச்சியின் கண்களைப் போக்கியது நான். எட்டு மாதம், தெரிந்தே, அளவு பார்த்துச் செய்தேன். அவர் என்னைத் தெளிவாகப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

நேற்று அண்ணாச்சியின் வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். ஒரு இடத்தை மட்டும் இரண்டு தடவை வாசித்தீர்கள். "கண்ணு மங்கின பொறவு எனக்கு எல்லாருமே கேதகி மாதிரிதாம்மா தெரிஞ்சாங்க. வீடு கூட்ட வார கிருபாபாயையும் அப்படித்தான் சொன்னேன். பால்காரர் லிங்கராஜ ஒருநா நிருபம்னே கூப்பிட்டுட்டேன்." வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள்.

கிருபாபாயைச் சொல்லியிருக்கலாம். அது பார்வை மோசமான பிறகு. என்னைச் சொன்ன அன்றைக்கு அண்ணாச்சிக்குக் கண் நன்றாகவே தெரிந்தது.