மெஷின் காட்டிய அறுபத்தொன்று

ஆம்பூர்த் தண்ணீரில் பருப்பு வேகாது. குக்கரில் எட்டு விசில் விட்டாலும் நடுவில் கடுக்கென்று இருக்கும். இருபத்தாறு வருஷம் வேலூரில் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இங்கே வந்தபோது எனக்குப் பேஜாராக இருந்த ஒரே விஷயம் அதுதான். கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்ததும் சரியாகிவிட்டது. நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், மேடம். நடந்த வரிசையிலேயே சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

என் பெயர் ஜெயபுஷ்பம். அக்சா என் ஒரே மகள். அவளுக்குப் பதினோரு வயதில் சர்க்கரை வியாதி வந்தது. குழந்தைகளுக்கு வருகிற வகை, இன்சுலின் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. அடுத்த வருஷமே அவள் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அன்றிலிருந்து அவள் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை என்று எனக்குத் தெரியாமல் ஒரு வேளையும் போனதில்லை. விரலில் குத்துவது நான். மீட்டரைப் பார்ப்பது நான். எத்தனை யூனிட் என்று சொல்வதும் நான். கல்லூரி முடித்து இங்கே ஷூ கம்பெனி ஏற்றுமதிப் பிரிவில் சேர்ந்த பிறகும் அவளுக்கு ரத்தத்தைப் பார்க்கப் பிடிக்காது. முகத்தைத் திருப்பிக்கொண்டு விரலை மட்டும் நீட்டுவாள்.

இரண்டாயிரத்து ஏழு கிறிஸ்துமஸுக்கு என் தம்பி இவான் அமெரிக்காவிலிருந்து வந்தான். அவன்தான் அந்த மெஷினைக் கொண்டுவந்தான். வயிற்றுத் தோலுக்கு அடியில் மயிரிழை போல ஒரு கம்பி, மேலே ஒட்டிக்கொள்ள ஒரு வில்லை, இடுப்பில் பேஜர் மாதிரி ஒரு பெட்டி. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவைக் காட்டும். எழுபதுக்குக் கீழே குறைந்தால் அதிர்ந்து சத்தம் போடும். ஆனால் காலையும் மாலையும் விரலில் குத்திப் பார்த்த எண்ணை நாம் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் அது தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

"முன்ன பின்னதான்க்கா காட்டும்," என்றான் இவான். "புதுக் கம்பி மாட்டின அன்னிக்கு நம்பவே நம்பாத. நீ குடுக்கிற நம்பர் சரியா இருந்தாதான் அது சரியா இருக்கும்."

முதல் தப்பை மெஷின்தான் செய்தது. இதை நீங்கள் அவசியம் எழுதிக்கொள்ள வேண்டும். பிப்ரவரியில் அக்சாவுக்குச் சென்னையில் ஒரு நேர்முகத் தேர்வு. முந்தின நாள்தான் புதுக் கம்பி மாட்டியிருந்தோம். ஆம்பூர் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்ற நேரம் பெட்டி கத்தியது. ஐம்பத்திரண்டு. அவள் பயந்துபோய் பெஞ்சில் உட்கார்ந்து குளுக்கோஸைக் கரைத்துக் குடித்தாள். ரயில் போய்விட்டது. பிறகு நான் விரலில் குத்திப் பார்த்தால் நூற்றுத் தொண்ணூற்றாறு. அதற்குள் குளுக்கோஸ் அவ்வளவு ஏற்றியிருக்காது. எண் தப்பு. ஆனால் அந்தப் பெஞ்சில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லைன்னா நான் இன்னாம்மா ஆயிருப்பேன்?" என்று கேட்டாள். பத்து வயதுக்குப் பிறகு அவள் என் கையை அப்படிப் பிடித்ததில்லை.

அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு வருத்தம் இல்லை.

ஏப்ரலில் நவீன்குமாரைப் பற்றிச் சொன்னாள். அதே கம்பெனியில் தரம் பார்க்கிறவர். காவேரிப்பாக்கம் பக்கம் விவசாயக் குடும்பம். அவர் இந்து என்பதால் நான் மறுத்தேன் என்று உங்களிடம் கொடுத்த போலீஸ் புகாரில் எழுதியிருக்கிறார். அது உண்மையில்லை. ராணிப்பேட்டை கிளைக்கு இருவரும் மாற்றல் கேட்டிருந்தார்கள். அங்கே அவளுக்கு விரலில் யார் குத்துவார்கள் என்று கேட்டேன். "நானே குத்திப்பேன்மா, இல்லைன்னா அவரு குத்துவாரு," என்றாள். சர்வசாதாரணமாகச் சொன்னாள்.

மறுநாள் காலை மீட்டர் இருநூற்று இருபது காட்டியது. நான் பெட்டியில் நூற்றுப் பத்து என்று அழுத்தினேன்.

அவளைக் கொல்ல நினைத்திருந்தால் இதற்கு நேர்மாறாகச் செய்திருப்பேன். சர்க்கரை குறைந்தால் ஆள் சில மணி நேரத்தில் போய்விடலாம். கூடினால் மெதுவாகத்தான் கெடுக்கும், அதற்குள் சரிசெய்துகொள்ளலாம். அதனால் கூடுகிற பக்கமாகவே வைத்தேன். பெட்டி குறைவாகக் காட்டும், அவள் பயந்து இனிப்புச் சாப்பிடுவாள், ஊசியைக் குறைப்பாள். சோர்ந்து படுப்பாள். இரண்டு நாள் லீவு போடுவாள். நான் கஞ்சி வைத்துக் கொடுப்பேன். வேலையில் எனக்கு ஒழுங்கு அதிகம் என்று என் வார்டில் எல்லோருக்கும் தெரியும். எந்த நாளும் அளவு மீறவில்லை.

ஆகஸ்டுக்குள் எட்டு கிலோ குறைந்துவிட்டாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். கம்ப்யூட்டரில் எழுத்து மங்குகிறது என்றாள். வேலூரில் டாக்டர் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைப் பார்த்துவிட்டு, "பதினொண்ணு புள்ளி ரெண்டு. உங்க மெஷின் கணக்குப்படி ஆறுதானே வரணும்?" என்று என்னைப் பார்த்தார். வெளிநாட்டு மெஷின், நம் ஊர் வெயிலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்றேன். அவர் ஒப்புக்கொண்டார். இன்சுலினைக் கூட்டி எழுதினார்.

அக்சா ஒப்புக்கொள்ளவில்லை. நவீன்குமார் அவளுக்கு ஒரு மீட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதை ஆபீஸ் மேஜைக்குள் வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல் தானே குத்திப் பார்த்திருக்கிறாள். ஒரு சாயங்காலம் சின்ன நோட்டு ஒன்றை என் முன்னால் வைத்தாள்.

"மெஷின்ல நூத்திப் பன்னெண்டு. அதே நேரத்துக்கு என் மீட்டர்ல முன்னூத்தி அறுபது. பத்து நாளா இப்படித்தான் இருக்கு. இன்னாம்மா இது?"

"மெஷின் அப்படித்தான்டி. உங்க மாமாவே சொன்னான் இல்ல?"

"நம்ம குடுக்கிற நம்பர் சரியா இருந்தா அதுவும் சரியா இருக்கும்னும் சொன்னாரு."

என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சாப்பிடும்போதும், நான் ஊசி மருந்தை எடுக்கும்போதும், என் கையையே பார்த்தாள். சொந்த வீட்டில் ஒரு தாயைத் திருடி மாதிரி பார்ப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், மேடம்.

அன்றிலிருந்து நான் சரியான எண்ணையே அழுத்தினேன். மீட்டரின் ஞாபகத்தையும் பெட்டியின் ஞாபகத்தையும் நீங்கள் ஒத்துப் பார்த்திருப்பீர்கள். கடைசி ஐந்து நாளில் வித்தியாசமே இருக்காது. ஊசி அளவும் கூடியிருந்தது. அந்த ஐந்து நாளும் மெஷின் துல்லியமாக வேலை செய்தது. அக்சா ஒத்துப் பார்ப்பதையே விட்டுவிட்டதால் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. காவேரிப்பாக்கம் போய் நவீன்குமாரின் அம்மாவைப் பார்ப்பதாக இருந்தாள். வேலூர் பஸ் ஸ்டாண்டில் அவர் காத்திருப்பார். பரபரப்பில் ஊசியைப் போட்டுக்கொண்டு, ஒன்றரை இட்லியோடு எழுந்துவிட்டாள். செருப்பு மாட்டும்போது பெட்டி கத்தியது. அறுபத்தொன்று. கீழ் நோக்கி இரண்டு அம்புக்குறி. அவளுடைய மீட்டர் ஆபீஸில் இருந்தது. என் மீட்டரை அவள் கேட்கவில்லை.

"மா, ஒரே ஒரு தடவ உண்மையச் சொல்லு. இது நெசமா, பொய்யா?"

அவள் மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை நின்றது. விரல் லேசாக நடுங்கியது. என் அனுபவத்துக்கு அதைப் பார்த்துச் சொல்ல மீட்டர் வேண்டியதில்லை. ஆனால் இது நிஜம் என்று சொன்னால், மெஷின் சரியில்லை என்று நான் சொன்னதெல்லாம் பொய் என்றாகிவிடும்.

"பொய்தான்டி. கழட்டி வெச்சிட்டுப் போ," என்றேன்.

பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அவள் தெருமுனை தாண்டும் முன்பே அது அவள் வயிற்றுக் கம்பியின் சிக்னலைத் தொலைத்துவிட்டு ஓய்ந்தது. நான் ஒரு டம்ளரில் சர்க்கரையைக் கரைத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். தலை சுற்றும், திரும்பி வருவாள், அல்லது போன் செய்வாள் என்பது என் கணக்கு. மறுபடியும் ஸ்டேஷன் பெஞ்சு மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். அவள் பஸ் பிடித்துவிட்டாள் என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

பள்ளிகொண்டா அருகே லாரி ஒன்று கவிழ்ந்து, ரோடு அடைத்துக்கொண்டது. வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறது. ஜன்னலில் சாய்ந்து தூங்குகிற பெண்ணை யார் எழுப்புவார்கள்? பதினோரு மணிக்கு நவீன்குமார் எனக்குப் போன் செய்தார்.

"ஆன்ட்டி, அக்சா போன் எடுக்க மாட்டேங்குறா. பஸ் நிக்குதுன்னு மட்டும் மெசேஜ் வந்துச்சு, ஒரு மணி நேரம் ஆச்சு. பயமா இருக்கு. நான் பைக் எடுத்துக்குனு போய்ப் பார்க்கட்டுமா? மெஷின்ல எதாவது காட்டுச்சா?"

இந்தப் போன் பற்றித்தான் நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள். "மெஷின்ல எல்லாம் சரியா இருந்துச்சு தம்பி. ராத்திரி பூரா தூங்கல, அதான் பஸ்ல தூங்குறா. எழுப்பாதீங்க," என்றேன். அவர் சொல்வது சரி. நான் அப்படித்தான் சொன்னேன். அவர் போய்ச் சேர்ந்தால் முதலில் ரத்தத்தைப் பார்ப்பார்கள், எண்ணைக் கேட்பார்கள், பிறகு பெட்டியைக் கேட்பார்கள். டம்ளரை வாசலிலிருந்து எடுத்து, கழுவிக் கவிழ்த்து வைத்தேன். ஆமாம், தெரிந்துதான் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வேலூரில் கண்டக்டர் தட்டிப் பார்த்தபோது அவளுக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது. உயிர் பிழைத்துவிட்டாள். மூளைக்குத்தான் நேரம் கடந்துவிட்டது. அவள் வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. பேச்சு இல்லை. யாரையும் தெரிவதில்லை என்கிறார் நவீன்குமார். அவர் வந்தால் அழுதுகொண்டு நிற்பார், அவளுக்கு அது பிடிப்பதில்லை. என் குரல் கேட்டால் முகத்தைத் திருப்புகிறாள். சின்ன வயதில் செய்தது போலவே விரலைக் கொடுக்கிறாள்.

மெஷினை நீங்கள் எடுத்துக்கொண்டது நல்லதுதான். இப்போது வேளா வேளைக்கு நானே குத்திப் பார்க்கிறேன். போன வாரம் மூன்று மாத சராசரி ஆறு புள்ளி எட்டு. பதினோரு வருஷத்தில் இவ்வளவு நல்ல எண் வந்ததே இல்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆறு மணிக்கு அவளுக்கு ரத்தம் பார்க்க வேண்டும். உங்கள் ஆள் யாரையாவது அனுப்புவதாகச் சொன்னீர்கள். வேண்டாம், மேடம். அவள் எண் விஷயத்தில் நான் யாரையும் நம்புவதில்லை.