முப்பத்துநாலாம் நம்பர் படகு

— அந்தக் கோப்பையைக் கீழ வை, கிரெட்சன். சூடான ஆப்பிள் சாறு மொத்தமும் என் பூட்ஸ்ல கொட்டுது. என்ன ஆச்சு உனக்கு?

— குளிருதுடா.

— அக்டோபர்ல குளிராம பின்ன? முப்பது வருஷமா இதே கரையில நின்னு படகுப் போட்டி பாக்கறோம். ஒரு தடவையாவது நீ குளிருதுன்னு சொல்லி நான் கேட்டதில்ல. இந்தா, டோனட் தின்னு. இன்னும் சூடு ஆறல.

— வேண்டாம் வின்ஸ்லோ. இப்ப எத்தனாவது படகு போகுது?

— இரு, ரேடியோ கூப்பிடுது. ம், வின்ஸ்லோதான். பாலத்துலேந்து ஆத்து வளைவு வரைக்கும் வழி காலி, அனுப்பு... பாலத்துக்கு அந்தப் பக்கம் மில்லுகிட்ட இருபத்துநாலு தாண்டிடுச்சாம்.

— அப்ப நம்ம படகு?

— முப்பத்துநாலு. அரை நிமிஷத்துக்கு ஒண்ணு விடறாங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் பொறு, தாயே. வந்ததுலேந்து இதையேதான் கேக்கற.

— கோரா எந்த இடத்துல உக்காந்திருக்கா?

— என் பொண்ணா? முனையில. எல்லாருக்கும் முன்னால, படகோட மூக்குல. அவ அப்பன் எடம் அது, விடுவாளா? காலேஜ்ல நானும் அங்கதானே உக்காந்தேன். எல்லைக்கோட்டை முதல்ல தாண்டறது என் முதுகுதான்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிவேனே.

— முதல்ல மோதறதும் அந்த முதுகுதான்.

— உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?

— இல்ல, வந்து... போன வருஷம் இந்த வளைவுல ஒரு படகு...

— அதைப் பேசாதே. அந்தப் பொண்ணைத் தண்ணியிலேந்து தூக்கினது நான். அதோ, இடது கரையில கல்துறை நீட்டிக்கிட்டு நிக்குதுல்ல, பழைய கல்துறை? பாலத்தைத் தாண்டினதும் அதை ஒட்டி வளைக்கணும். அளவு தப்பிப் போச்சு, நேரா அதுல போய் விட்டாங்க. அவளும் முனையிலதான் இருந்தா. இன்னும் அவளால நடக்க முடியல. அதுக்காகத்தான் இந்த வருஷம் காவலுக்கு இந்த எடமே வேணும்னு கேட்டு வாங்கிக்கிட்டேன்.

— பயமா இல்லையா உனக்கு?

— இருக்கும். வேற எவளாவது சுக்கான் பிடிச்சா இருக்கும். வாலுல உக்காந்து சுக்கான் பிடிக்கறது நம்ம பெட்டினா! இந்த ஆத்துல அவளுக்குத் தெரியாத கல்லு ஒண்ணு உண்டா? துடுப்புப் போடற எட்டுப் பேரும் போற திசைக்கு முதுகைக் காட்டி உக்காந்திருக்காங்க. அவ ஒருத்தி கண்ணுதான் எல்லாருக்கும் கண்ணு. இன்னிக்கு மட்டும் ஜெயிக்கட்டும், வழக்கம்போல அவளைத் தூக்கி ஆத்துல போடறோம். ஐம்பத்திரண்டு வயசுன்னு எல்லாம் பாக்கறதில்ல.

— வின்ஸ்லோ.

— ம்?

— அவளுக்கு ஒரு கண்ணு தெரியாது.

— யாருக்கு?

— பெட்டினாவுக்கு. இடது கண்ணு. ஜூலையிலேந்து.

— விளையாடாதே.

— சத்தியமா. நான்தான் காரை ஓட்டிக்கிட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். போயிடுச்சு, இனிமே வராதுன்னு சொல்லிட்டார். காரே ஓட்டக்கூடாதுன்னார்.

— இரு, ரேடியோ... ம், கேட்டுச்சு. இருபத்தெட்டு. ...அப்ப கோடை பூரா அவதானே பிடிச்சா? ஒண்ணும் ஆகலையே?

— ஏரியில, நேர் கோட்டுல. அங்க என்ன தெரியும்?

— இது உனக்கு மூணு மாசமா தெரியும்.

— கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாடா. இந்த ஒரு போட்டி மட்டும், அதோட விட்டுடறேன், யாருகிட்டயும் சொல்லாதேன்னா. புருஷன் செத்ததுக்கப்புறம் அவளுக்கு அந்தப் படகை விட்டா வேற என்ன இருக்கு? எப்படி நான் சொல்லுவேன்?

— வாயால சொல்லுவே! என் வீட்டு மேசையில உக்காந்து நேத்து ராத்திரி கறி தின்னியே, அப்ப சொல்லியிருக்கலாம். கோரா உனக்கு எதிர்லதானே உக்காந்திருந்தா? அவ மூஞ்சியைப் பாத்துக்கிட்டே தின்னுட்டுப் போனியே!

— திட்டு. நல்லாத் திட்டு. ராத்திரி பூரா நான் கண்ணே மூடல. காலைலயும் பெட்டினா மூணு தடவ கூப்பிட்டா, நான் எடுக்கல.

— ஏன் எடுக்கல?

— எடுத்தா இன்னொரு தடவ சத்தியம் வாங்கிக்குவான்னு பயந்துட்டேன்.

— அட நாசமாப் போக. ரெண்டு பேரும் சேர்ந்து... ஆமா, கேக்குது, கேக்குது! முப்பத்தொண்ணு.

— வின்ஸ்லோ, இன்னும் நேரம் இருக்குடா. நிறுத்தச் சொல்லு.

— நிறுத்தினா அவ கதை அதோட முடிஞ்சுது, தெரியுமா? ஊரே கைகொட்டிச் சிரிக்கும். இனிமே படகுத்துறைப் பக்கமே அவளை விட மாட்டாங்க. என் கல்யாணத்துல தோழியா நின்னவடி அவ.

— அவளே வளைச்சுடுவாளோ? பழக்கந்தானே? கண்ணை மூடிக்கிட்டுக்கூடப் பிடிப்பேன்னு சொல்லுவாளே.

— சொல்லுவா. வாய்க்கு என்ன, வரியா கட்டுது? அந்தக் கல்துறை எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்தியா?

— இடது பக்கம்.

— இடது பக்கம். ...எனக்கு அந்தப் பொண்ணு கத்தின கத்தல் இன்னும் காதுல கேக்குது, கிரெட்சன். கால் எங்க இருக்கு, என் கால் எங்க இருக்குன்னு கத்தினா.

— முப்பத்திரண்டு போயிடுச்சுடா. அந்த மஞ்சள் படகு.

— காவல் மோட்டார் படகு, மோட்டார் படகு, வின்ஸ்லோ பேசறேன். முப்பத்துநாலு வருது, அதை நிறுத்து. ஆமா, நிறுத்து! காரணமெல்லாம் அப்புறம். ஒலிபெருக்கியை எடு. துடுப்பைத் தண்ணியில குத்தி அப்படியே நிக்கச் சொல்லு!

— பாலத்துக்கு இந்தப் பக்கமாவாடா நிக்கச் சொல்றே? பாலம் மறைச்சுடுமே, பின்னால வர்றவங்களுக்கு இது தெரியவே தெரியாதே?

— மோட்டார் படகு இந்தப் பக்கந்தானே நிக்குது! பின்னால வர்றவங்க அவங்க பாட்டைப் பாத்துக்குவாங்க. என் பொண்ணு முனையில இருக்கா, கிரெட்சன்!

— வருது. நீலத் தொப்பி, அதோ பாலத்துக்கு அடியில. கோராவைத் தெரியுதா?

— ஒரே மாதிரி தொப்பி, யாரு யாருன்னு எப்படித் தெரியும்? நில்லுங்க! முப்பத்துநாலு, நில்லுங்கன்னு சொல்றேன்ல! குத்துங்க துடுப்பை!

— நிக்குதுடா. நின்னுடுச்சு!

— நின்னுடுச்சா? கல்துறைக்கு இன்னும் எவ்வளவு...

— ரொம்ப தூரம் இருக்கு. அப்பாடா. அழாதே, வின்ஸ்லோ. நின்னுடுச்சு.

— யாருடி அழறது? குளிர் காத்து கண்ணுல அடிக்குது.

— ஏய் மக்குங்களா! உங்களைத் தேடிக்கிட்டு இந்த மரத்துக்கெல்லாம் நடுவுல ஒரு மைல் நடந்து வர்றேன். ஏன்டி கிரெட்சன், போன் எதுக்கு வெச்சிருக்கே, பல்லு குத்தவா?

— பெட்டினா? நீ படகுல இல்ல?

— இல்லடி. காலைல படகுத்துறையில எல்லார்கிட்டயும் போட்டு உடைச்சுட்டேன், ஒரு கண்ணு அவுட்டுன்னு. முதல்ல உனக்குச் சொல்லலாம்னு மூணு தடவ அடிச்சேன், மகராணி எடுக்கல. சுக்கானை நல்ல கண்ணு இருக்கற ஆளுகிட்ட குடுத்துட்டு வந்துட்டேன். இப்பதான் மூச்சே... ஆமா, நம்ம படகு ஏன் அங்க நிக்குது? எந்தப் பாவிடா அதை நிறுத்தினான்? முப்பத்தஞ்சு பாலத்துக்குள்ள வந்துட்டான், பாருங்கடா!

— வின்ஸ்லோ, ரேடியோ! ரேடியோவுல சொல்லு!

— மோட்டார் படகு, முப்பத்தஞ்சையும் நிறுத்து! நில்லுடா! ...நிக்க மாட்டேங்கறானே. இடிச்சா வாலுலதான் இடிக்கும். கோரா முனையில இருக்கா. முனையிலதானே இருக்கா, அவளுக்கு ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது...

— முனையில இல்லடா, அங்க மாத்து ஆளு. கோராவைத்தான் என் எடத்துல உக்கார வெச்சேன்.